கிட்டார் வந்து ஹஸானைத் துரத்திவிட்டதா? ஜெப ஆலயத்தில் கூட்டுப்பாட்டை நடத்துகிறவர்கள்

ஸ்ருதிப்பெட்டி | 6 ஆகஸ்ட், இரவு 9.10

புகழ்பெற்ற ஹஸான் (யூத ஜெப ஆலயத்தில் தொழுகையைப் பாடி நடத்துபவர்) யொசெலே ரோசன்பிளாட்டின் பழைய இசைத்தட்டுகளைக் கேட்டுவிட்டு இன்றைய நியூயார்க் ஜெப ஆலயங்களின் வெள்ளி மாலைப் பதிவுகளுக்கு வந்தால் மனசு ஒப்பவில்லை. அங்கே ஒற்றைக் குரல் அழுது, கெஞ்சி, உச்சிக்குப் போய்த் திரும்புகிறது. இங்கே ஒரு கிட்டார், நாலு கார்டு, "லாய் லாய் லாய்". ரபியும் (சபையின் மதகுரு) பாடுகிறார், ஹஸானும் பாடுகிறார், எதிரே இருப்பவர்களும் பாடுகிறார்கள். 1970களின் யூத இளைஞர் கோடை முகாம் பாட்டு வந்து ஹஸான் கலையை ஒழித்துவிட்டது என்பது என் கட்சி. மறுப்பவர்கள் மறுக்கலாம். இவர்களுக்கு யார், என்ன கற்றுத்தருகிறார்கள் என்பதையும் சொன்னால் நல்லது.

மேடைக்குக்கீழே | 6 ஆகஸ்ட், இரவு 11.35

மறுக்கிறேன். ரோசன்பிளாட் (1882–1933) பாடியபோது சபை வாய்மூடிக் கேட்டது. அந்த ஏற்பாட்டை ஆதிமரபு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வியன்னாவில் சாலமன் சுல்சரும் (1804–1890) பெர்லினில் லூயி லெவண்டோவ்ஸ்கியும் (1821–1894) ஜெப ஆலயத்துக்கென நாலு குரல் பாடகர்குழு இசையை எழுதி நிலைநிறுத்தினார்கள். ஹாம்பர்க் சீர்திருத்த ஆலயத்தில் 1818-லேயே ஆர்கன் வந்துவிட்டது. மேடை ஒருபுறம், சபை மறுபுறம் என்ற அமைப்பு இப்படித்தான் இறுகியது. கிட்டார் அதைத்தான் உடைத்தது.

டெபி ஃப்ரீட்மன் (1951–2011) முதல் இசைத்தட்டை வெளியிட்டது 1972-ல். ஹஸான் பட்டம் பெறாதவர். பாட்டைப் பாடிக்காட்டுவதோடு நிற்காமல், வரி வரியாகக் கூட்டத்துக்கு ஏற்றி, அவர்கள் பாட ஆரம்பித்ததும் தன் குரலைத் தணித்துக்கொள்வது அவருடைய வழி. 1992-ல் விஸ்கான்சினில் அக்கனோமவாக் ஊரின் முகாமில் தொடங்கிய 'ஹாவா நஷீரா' பயிற்சி முகாமின் நிறுவனர்களில் அவரும் ஒருவர். பாட்டு நடத்துநர்களும் ஹஸான்களும் அங்கே ஒரே வட்டத்தில் உட்கார்ந்து கற்கிறார்கள். சீர்திருத்தப் பிரிவின் ஹீப்ரு யூனியன் கல்லூரி 1948-ல் நியூயார்க்கில் தொடங்கிய ஹஸான் பள்ளிக்கு 2011-ல் அவர் பெயரையே வைத்தார்கள். ஒழித்தவருடைய பெயரை ஹஸான் பள்ளிக்கு வைப்பார்களா?

பயிற்சி பற்றிக் கேட்டிருந்தீர்கள். அந்தப் பள்ளியில் நெடுங்காலமாக ஐந்தாண்டுப் படிப்பு, முதலாண்டு எருசலேமில். கன்சர்வேட்டிவ் (சீர்திருத்தத்துக்கும் ஆர்த்தடாக்ஸுக்கும் இடைப்பட்ட) பிரிவினருக்கு நியூயார்க் ஜூயிஷ் தியாலஜிக்கல் செமினரியில் 1952 முதல் ஹஸான் பயிற்சி உண்டு. குரல் பயிற்சி, எபிரேயம், தொழுகை நூல், தோரா (மோசேயின் ஐந்து நூல்கள்) வாசிப்பு இசை, நூசாக் (வேளைக்கும் நாளுக்கும் உரிய பாடுமுறை), பாடகர்குழு நடத்துதல், இப்போது கிட்டாரும். பட்டமில்லாத சபை உறுப்பினர்களுக்கு வேறு தடம் இருக்கிறது. ஹதார் நிறுவனத்தின் 'ரைசிங் சாங்' வழியாக ஜோயி வைசன்பர்க் போன்றவர்கள் கூட்டத்தை எப்படிப் பாடவைப்பது என்பதை மட்டுமே தனி வித்தையாகச் சொல்லித்தருகிறார்கள்.

ஸ்ருதிப்பெட்டி | 7 ஆகஸ்ட், காலை 7.20

வரலாறு சரி. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நடத்துநர் உண்மையில் என்னென்ன செய்கிறார்? படிப்படியாகச் சொல்லுங்கள். அதைப் பார்த்துத்தான் இது வித்தையா இல்லையா என்று முடிவுகட்ட முடியும்.

மேடைக்குக்கீழே | 7 ஆகஸ்ட், இரவு 10.50

வெள்ளி மாலையில் இரண்டு பகுதி. முதலாவது கபாலத் சப்பாத், அதாவது ஓய்வுநாளை வரவேற்பது. 95 முதல் 99 வரை ஐந்து சங்கீதம், பிறகு 29-ஆம் சங்கீதம், ஆக ஆறு. வேலைநாள் ஆறுக்கும் ஒவ்வொன்று. அடுத்து ஓய்வுநாளை மணப்பெண்ணாக அழைக்கும் 'லெகா தோதி' பாட்டு, அதற்குப்பின் 92, 93. இது 16-ஆம் நூற்றாண்டில் சஃபேத் ஊரில் வேர்விட்ட வழக்கம், தொழுகைச் சட்டம் கட்டாயப்படுத்தும் பகுதியில் சேராது. அதனால்தான் புது மெட்டெல்லாம் இங்கே குவிகிறது. 'பரெகு' அழைப்போடு இரண்டாம் பகுதியான மாரிவ் (இரவுத் தொழுகை) தொடங்கும். அங்கே இஷ்டத்துக்கு மெட்டுப் போட முடியாது.

முதலில் நேரக் கணக்கு. ஆறு சங்கீதத்தையும் முழுக்கப் பாடினால், ஒன்றுக்கு நாலு நிமிஷம் வைத்தாலும் 24 நிமிஷம். லெகா தோதிக்கு ஆறேழு. மாரிவைத் தொடும்போதே பிள்ளைகள் துவண்டிருக்கும், வீட்டில் சாப்பாடு ஆறியிருக்கும். எனவே இரண்டை, மிஞ்சினால் மூன்றை, முழுதாகப் பாட வேண்டும். மற்றவற்றை ஆளாளுக்கு வாய்க்குள் சொல்லிக்கொண்டுபோக, கடைசி வசனத்தை மட்டும் நடத்துநர் உரக்க இசைத்து எல்லோரையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவருவார். அந்த வாய்க்குள் முனகல் வீண் நேரம் என்று நினைத்து வெட்டுகிறவர்கள் உண்டு. வெட்டினால் தொழுகை கச்சேரியாகிவிடும். தனியாகச் சொல்லிக்கொள்ளும் இரண்டு நிமிஷம் கிடைத்தவனுக்குத்தான் அடுத்த பாட்டில் வாயைத் திறக்கத் தோன்றும்.

வழக்கமான ஓட்டம் இது: 95 நடுவேகத்தில், எல்லோருக்கும் தெரிந்த மெட்டில். 96, 97 முனகலில். 98 அல்லது 99-ல் சற்று விறுவிறுப்பு. 29-க்குப் பல சபைகளில் எழுந்து நிற்பார்கள், அங்கே நிதானம். பிறகு லெகா தோதி.

லெகா தோதியில் ஒன்பது கண்ணி. முதல் எட்டின் தலையெழுத்துகள் இயற்றிய ஷ்லோமோ அல்கபெட்ஸின் பெயரைச் சொல்லும். ஆறாவதான 'லோ தெவோஷி'யில் மெட்டை மாற்றுவது பரவலான பழக்கம். துக்கம் நீங்குவதைச் சொல்லும் கண்ணி என்பதால் துள்ளலான மெட்டுக்குத் தாவுவார்கள். சறுக்குவதும் இங்கேதான். புது மெட்டை ஆறாம் கண்ணிக்கு மட்டும் பொருத்திப் பார்த்துவிட்டு வந்திருப்பார். பல்லவியைப் போட்டால் அசை மிஞ்சும், சபை ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். ஆறு முதல் ஒன்பது வரையும் பல்லவியையும் வாயால் முழுக்கப் பாடிப்பார்க்காமல் புது மெட்டைக் கொண்டுவரவே கூடாது. மாற்றும் இடத்தில் கிட்டாரையும் கைத்தட்டலையும் ஒரு அடி நிறுத்தி, முதல் இரண்டு சொல்லைத் தனிக்குரலில் தெளிவாகப் போட வேண்டும். ஒன்பதாம் கண்ணியில் எல்லோரும் வாசலைப் பார்த்துத் திரும்புவார்கள். அப்போது அவர்கள் முதுகுதான் நடத்துநர் பக்கம் இருக்கும், அவருடைய கையசைவு யாருக்கும் தெரியாது. வேகத்தைக் குரலிலேயே கட்டிப்பிடிக்க வேண்டும்.

மேடைக்குக்கீழே | 8 ஆகஸ்ட், காலை 6.05

சுருதியைச் சொல்லாமல் விட்டால் மேலே எழுதியது பாதிதான்.

பயிற்சி பெற்ற டெனர் ஹஸான் தன் குரல் மின்னுகிற இடத்தில் சுருதி வைப்பார். சபை இரண்டாவது வரியிலேயே கழன்றுகொள்ளும். பயிற்சியில்லாத பெண்குரல்களுக்குக் கீழே 6 கட்டையிலிருந்து (ஏ) மேலே 2 கட்டை (டி) வரை வசதி. ஆண்களுக்கு அதற்கு ஒரு ஸ்தாயி கீழே அதே எல்லை. எனவே ஆதார சுருதியிலிருந்து கணக்கைத் தொடங்காதீர்கள். மெட்டின் உச்ச ஸ்வரம் எது என்று பாருங்கள், அதை 2 கட்டையில் நிறுத்துங்கள், ஆதாரம் எங்கே விழுகிறதோ அங்கே விழட்டும். மாலையின் முதல் பாட்டுக்கு இன்னும் அரைக் கட்டை இறக்கலாம், குரல்கள் சூடாகியிருக்காது.

கருவியில்லாத சபை பாடப்பாடச் சுருதி இறங்கும். பத்து நிமிஷ நிக்குனில் (சொல்லில்லாமல் பாடும் மெட்டு) அரைக் கட்டை இறங்குவது சகஜம். நடுவில் குரலை உயர்த்தி இழுத்துப் பிடிக்க முயன்றால் இரண்டு சுருதி கேட்கும். விட்டுவிடுங்கள். அடுத்த பாட்டைச் சரியான இடத்தில் எடுத்தால் போதும்.

ஸ்ருதிப்பெட்டி | 8 ஆகஸ்ட், மாலை 5.15

கட்டைக் கணக்கில் சொன்னதும் சட்டென்று விளங்குகிறது. அந்த "லாய் லாய்" எதற்கு? சொல்லில்லாமல் ஒரே மெட்டைப் பத்து நிமிஷம் பாடுவதில் என்ன இருக்கிறது?

மேடைக்குக்கீழே | 9 ஆகஸ்ட், இரவு 12.20

ஹசீதியர் என்ற யூத பக்தி இயக்கத்தாரிடமிருந்து வந்தது நிக்குன். எபிரேயம் வாசிக்கத் தெரியாதவரும் முதல் நாளே முழுசாகச் சேர்ந்துகொள்ள முடிகிற ஒரே வடிவம் அது. தொழுகைப் புத்தகத்தைப் புரட்டி எந்தப் பக்கம் என்று தேடிக்கொண்டிருக்கும் ஆளை நினைத்துப் பாருங்கள்.

கற்றுத்தரும் முறை: பெரும்பாலான நிக்குனுக்கு இரண்டு பாகம், தாழ்ந்தது ஒன்று, ஏறுவது ஒன்று. நடத்துநர் முதல் பாகத்தை இருமுறை தனியாகப் பாடுவார். விளக்கவுரை கூடாது. "இப்போது நீங்கள்" என்றுகூடச் சொல்ல வேண்டியதில்லை, மூச்சை இழுத்துத் தலையை லேசாக உயர்த்தினால் புரியும். முதல் பாகமே நாலைந்து சுற்று ஓட வேண்டும். முதல் சுற்றில் கூட்டம் மெட்டைத் தேடும், இரண்டாவதில் பிடிக்கும், மூன்றாவதில்தான் பக்கத்து ஆளின் குரல் காதில் விழும். அது விழும்வரை இரண்டாம் பாகத்துக்குப் போகாதீர்கள். இரண்டாம் பாகத்தை முதல்முறை எடுக்கும்போது சத்தத்தைக் கூட்டாமல் உச்சரிப்பைத் தெளிவாக்குங்கள்.

கெடுவது எங்கே? பெரும்பாலும் கைத்தட்டலில். தட்டல் தொடங்கியதுமே வேகம் ஓடும், மூன்று சுற்றில் மூச்சு விட இடமில்லாமல் போகும். கூட்டத்தைக் கையசைத்து அடக்க வேண்டாம். மேசையில் உள்ளங்கையால் கனமான தட்டு, தாளச் சுழற்சிக்கு ஒன்று, போட்டால் தட்டல் தானாக அதில் வந்து உட்காரும். அடுத்த கேடு மைக். நடத்துநரின் குரல் ஒலிபெருக்கியில் நிறைந்தால் சபைக்குத் தன் குரல் கேட்காது, தன் குரல் கேட்காதவன் பாட மாட்டான். எளிய சோதனை: ஒரு சுற்று நடுவில் வாயை மூடிப் பாருங்கள். பாட்டு நின்றால் இதுவரை நீங்கள் மட்டும்தான் பாடிக்கொண்டிருந்தீர்கள்.

முடிக்கும் விதம் தனி. கடைசிச் சுற்றுகளில் சத்தத்தை இறக்கி, முதல் பாகத்துக்கே திரும்பி, முனகலாக்கி, நிறுத்தி, பிறகு பேசாமல் இருப்பது. உடனே "பக்கம் 42" என்று அறிவிக்கிற ரபி அந்தப் பத்து நிமிஷத்தையும் கெடுத்துவிடுகிறார். ரபியும் நடத்துநரும் இதை முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும்.

உட்காரும் இடமும் வேலையில் பாதி. நூறு பேர் கொள்ளும் மண்டபத்தில் முப்பது பேர் கடைசி வரிசைகளில் சிதறியிருந்தால் தான்சேன் வந்தாலும் பாடவைக்க முடியாது. எருசலேமின் நவா தெஹிலா சபையில் இசைக்காரர்கள் நடுவில் வட்டமாக உட்கார, மற்றவர்கள் வட்டம் வட்டமாகச் சுற்றி உட்காருகிறார்கள். வைசன்பர்க்கும் எல்லோரையும் நடுவுக்கு நெருக்கமாக அழைப்பதிலிருந்துதான் தொடங்குகிறார். பெஞ்சை ஆணியடித்து வைத்திருக்கிற மண்டபமானால் மெட்டு தெரிந்த ஐந்தாறு பேரை நடத்துநரைச் சுற்றி நிறுத்துங்கள். நடத்துநர் மேடையை விட்டுக் கீழே இறங்கட்டும். தரைக் கம்பளம் குரலைக் குடித்துவிடும், வெறுந்தரை பகுதி இருந்தால் அங்கே நில்லுங்கள்.

வெள்ளிமாலை | 10 ஆகஸ்ட், காலை 11.40

இதுவரை சீர்திருத்தச் சபைகளின் பக்கத்திலிருந்தே பேச்சு போகிறது. ஆர்த்தடாக்ஸ் (பழைய சட்டத்தை அப்படியே கடைப்பிடிக்கும்) சபையில் ஓய்வுநாளில் கிட்டாரும் இல்லை, மைக்கும் இல்லை. கருவி பழுதானால் சரிசெய்யக் கை நீளும் என்பதால் வாசிக்கத் தடை என்று தல்மூத் என்ற யூதச் சட்ட விவாதத் தொகுப்பின் பெயிட்சா பகுதி (36ஆ) சொல்கிறது. கருவி தொடாமலே சபை முழுக்கப் பாடுகிற வெள்ளி மாலை எங்களிடம் எப்போதும் உண்டு. இன்னொன்று: முகாம் மெட்டுக்காரர்கள் நூசாக்கைத் தொலைத்துவிட்டார்கள் என்று ஸ்ருதிப்பெட்டி சொல்லியிருந்தால் நான் கைதூக்கியிருப்பேன். கிட்டாரைவிட அதுதான் பெரிய இழப்பு. கண்ணை மூடிக்கொண்டு உள்ளே நுழைந்தாலும் இது வார நாளா, ஓய்வுநாளா, புத்தாண்டா என்று சொல்லவைப்பது நூசாக்.

மேடைக்குக்கீழே | 10 ஆகஸ்ட், இரவு 11.15

வெள்ளிமாலை சொல்வதில் எனக்கு வேறு கருத்தில்லை. கூட்டத்தைப் பாடவைக்கத் தெரிந்து நூசாக் தெரியாதவர் அரைநடத்துநர். நூசாக் தெரிந்து கூட்டத்தின் குரலைக் கேட்கத் தெரியாதவரும் அரைதான்.

இங்கிருப்பவர்களுக்கு ராகம் தெரியும் என்பதால் அந்த வழியில் சொல்கிறேன். அஷ்கெனாசி (மத்திய, கிழக்கு ஐரோப்பிய யூதர்) நூசாக்கில் முக்கியமான மூன்று: கபாலத் சப்பாத் சங்கீதங்களுக்கு 'அதோனாய் மலாக்', ஸ்வர அமைப்பில் ஏறத்தாழ ஹரிகாம்போதி, ஆனால் மேல்ஸ்தாயிக்குப் போனால் அந்தர காந்தாரம் சாதாரண காந்தாரமாக இறங்கிவிடும். வெள்ளி இரவு தொழுகையில் 'மாகேன் அவோத்', நடபைரவி. சனி காலையில் ஓங்கி ஒலிக்கும் 'அஹவா ரபா', வகுளாபரணம். ஆனால் ஸ்வரவரிசை தெரிந்ததும் நூசாக் தெரிந்துவிட்டதாக எண்ணாதீர்கள். பிடிகள்தான் முக்கியம். எந்த இடத்தில் நிற்பது, ஆசீர்வாத வசனத்தை எந்தப் பிடியில் முடித்து சபையிடமிருந்து 'ஆமேன்' வாங்குவது என்பவை. முடிவுப்பிடி சரியாக இருந்தால் யாரும் கைகாட்டாமலே ஆமேன் ஒன்றாக விழும். தவறான பிடியில் முடித்தால் பாதிப்பேர் காத்திருப்பார்கள்.

நடுவழி ஒன்று நல்ல நடத்துநர்கள் எல்லோரும் கையாள்வது: பத்தியின் நடுவில் சபைக்குத் தெரிந்த மெட்டு, கடைசி இரண்டு வரியில் நூசாக்குக்கு இறங்கி முடிப்பு. இதற்கு மெட்டும் நூசாக்கும் ஒரே ஆதாரத்தில் அமைய வேண்டும். அல்லது மெட்டின் கடைசி ஸ்வரம் நூசாக்கின் பஞ்சமமாகவாவது இருக்க வேண்டும்.

கிட்டார்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஈ ஆதாரத்தில் அஹவா ரபா வாசிக்கும்போது முடிப்புக்குப் பழக்கதோஷத்தில் பி7 போடுவார்கள். அதிலுள்ள எஃப் ஷார்ப்பும் டி ஷார்ப்பும் இந்த ஸ்வரவரிசையிலேயே இல்லை, பாடுகிறவர் சட்டென்று தடுமாறுவார். டி மைனரிலிருந்து ஈ-க்கு வாருங்கள். ஈ, எஃப், ஏ மைனர், டி மைனர் நாலும் போதும்.

ஸ்ருதிப்பெட்டி | 11 ஆகஸ்ட், காலை 8.00

மாயாமாளவகௌளையா என்று சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். பதிவைத் திரும்பக் கேட்டேன், நிஷாதம் கைசிகிதான். வகுளாபரணம் சரி.

"நாலு கார்டு" என்று முதலில் ஏளனமாக எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். எந்த நாலு என்பதில் இவ்வளவு இருக்கிறது.

வெள்ளிமாலை | 13 ஆகஸ்ட், இரவு 9.30

ஒரு பேச்சை யாரும் எடுக்கவில்லை, நான் எடுக்கிறேன். வெள்ளி மாலையில் உலகமெங்கும் பாடும் மெட்டுகளில் பெரும்பங்கு ஷ்லோமோ கார்லெபாக்கினுடையது (1925–1994). அவர் தங்களிடம் பாலியல் ரீதியாக அத்துமீறியதாகப் பெண்கள் சொன்னதை 1998-ல் 'லிலித்' இதழ் வெளியிட்டது. அவர் மெட்டுகளைப் பாடலாமா என்பது இன்று பல சபைகளிலும் கேட்கப்படுகிற கேள்வி. நடத்துநர் என்ன செய்ய வேண்டும்?

மேடைக்குக்கீழே | 14 ஆகஸ்ட், காலை 6.40

சபை கூடி முடிவெடுக்க வேண்டிய விஷயம் இது, நடத்துநர் தனியாக எடுக்கக் கூடாது. நியூயார்க் சென்ட்ரல் சினகாக் 2018-ல் அந்த மெட்டுகளை ஒரு காலத்துக்கு நிறுத்திவைத்தது. அங்கே மூத்த ரபி ஆஞ்சலா புக்டால், ஹஸான் பட்டமும் (1999) ரபி பட்டமும் (2001) பெற்றவர். மெட்டுக்காரரின் பெயரைச் சொல்லியே பாடுவது, விவாதம் நடத்துவது, முற்றாக விலக்குவது என்று வேறு வழிகளில் போகிற சபைகளும் உண்டு. என் நிலை: அடிபட்டவர்கள் அந்த அறையில் உட்கார்ந்திருக்கக்கூடும் என்பதை மறந்து நடத்த முடியாது. நிறுத்திவைப்பதே மேல்.

நடைமுறைச் சிக்கல், 95-க்கும் 29-க்கும் சபைக்கு வேறு மெட்டே தெரியாது. ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் மாற்றினால் அந்த வெள்ளிக்கிழமை ஊமையாகும். மாதத்துக்கு ஒன்று மாற்றுங்கள். புது மெட்டை முதல் வாரம் சொல்லில்லாமல் நிக்குனாக, தொழுகைக்கு முந்திய கூடுகையில் பாடுங்கள். அடுத்த வாரம் அதே நிக்குனில் சங்கீதத்தின் முதல் இரண்டு வசனத்தை ஏற்றுங்கள். மூன்றாம் வாரம் முழுச் சங்கீதம். நான்காம் வாரம் மறுபடியும் அதே. ஒருமுறை பாடிவிட்டு அடுத்த வாரம் வேறொன்றுக்குத் தாவுவதால்தான் புது மெட்டுகள் ஒட்டாமல் போகின்றன.

ஸ்ருதிப்பெட்டி | 16 ஆகஸ்ட், மாலை 4.45

புக்டால் பெயர் வந்ததால் கேட்கிறேன். பெண்கள் ஹஸானாக எப்போது வந்தார்கள்?

மேடைக்குக்கீழே | 16 ஆகஸ்ட், இரவு 10.10

சீர்திருத்தப் பிரிவில் 1975, பார்பரா ஆஸ்ட்ஃபெல்ட். கன்சர்வேட்டிவ் பிரிவில் 1987, எரிகா லிப்பிட்ஸும் மார்லா ரோசன்ஃபெல்ட் பருகெலும். மெட்டுப் புத்தகமெல்லாம் டெனருக்கும் பாரிட்டோனுக்கும் எழுதப்பட்டிருந்ததால் முதல் தலைமுறைப் பெண் ஹஸான்கள் நூசாக்கைத் தங்கள் சுருதிக்கு எழுதிக்கொள்ள வேண்டியிருந்தது. சபைக்கு இன்றும் இது பிரச்சினை. ஆண்குரலுக்குப் பின்னால் பாடிப் பழகியவர்கள் பெண்குரல் 5 கட்டையில் எடுத்தால் எந்த ஸ்தாயியில் சேருவது என்று திணறுவார்கள். பெண் ஹஸான் பக்கத்தில் ஒரு தாழ்குரல் துணையை நிறுத்தினால் தீர்ந்தது.

வெள்ளிமாலை | 17 ஆகஸ்ட், காலை 10.25

ஆர்த்தடாக்ஸ் சட்டத்தில் பெண்குரல் பற்றிய விவாதம் தல்மூத்தின் பெராகோத் 24அ பகுதியிலிருந்து தொடங்குகிறது, இன்றும் முடியவில்லை. 2002-ல் எருசலேமில் தொடங்கிய ஷிரா ஹதாஷா சபையில் கபாலத் சப்பாத் போன்ற பகுதிகளைப் பெண்கள் நடத்துகிறார்கள். ஆண் பெண் நடுவில் திரை உண்டு, கருவி கிடையாது. அந்தச் சபை பெயர்பெற்றதே பல குரலாகப் பிரிந்து சேர்ந்து பாடுவதற்குத்தான்.

நம் பக்கத்துச் செய்தி ஒன்று. கொச்சி யூதப் பெண்கள் மலையாளத்தில் பாடிய பாட்டுகளைக் கையெழுத்து நோட்டுகளில் தலைமுறை தலைமுறையாகக் காத்தார்கள், ஆண்கள் இருக்கும் இடத்திலும் பாடினார்கள். கூட்டுப்பாட்டுக்கு முகாமும் கிட்டாரும் வரவேண்டியிருந்தது என்று சொல்லும்போது இதையும் நினைவில் வையுங்கள்.

மேடைக்குக்கீழே | 21 ஆகஸ்ட், இரவு 11.55

ஹஸானின் வாரத்தில் பெரும்பகுதி பாட்டில் போவதில்லை, சபைமுன் முதன்முறை வாசிக்கும் நாளுக்காக (பார் மிட்ஸ்வா) 12, 13 வயதுப் பிள்ளைகளுக்குத் தோரா வாசிப்பு சொல்லிக்கொடுப்பதில் போகிறது. அதையும் எழுதிவைக்கிறேன்.

தோரா சுருளில் உயிர்க்குறியும் கிடையாது, இசைக்குறியும் கிடையாது. பிள்ளை இரண்டையும் மனப்பாடம் செய்து வந்து, வெறும் மெய்யெழுத்தைப் பார்த்து இசைக்க வேண்டும். பயிற்சிக்கு 'திக்குன்' என்ற புத்தகம். ஒரு பத்தியில் எல்லாக் குறியும் இருக்கும், பக்கத்துப் பத்தி சுருள் மாதிரியே மொட்டையாக இருக்கும். ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷம் ஆகும்.

ஹஸான் ஒலிப்பதிவு அனுப்பி, பிள்ளை அதைக் கேட்டு ஒப்பிப்பதுதான் இன்றைய பெரிய குறுக்குவழி. அந்த நாள் தாண்டிவிடும், அடுத்த மாதம் ஒரு வசனம் கொடுத்தால் வாசிக்கத் தெரியாது. குறிகளைத் தொகுப்பாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். வசனத்தின் பாதியை மூடும் தொகுப்பு (மேர்கா, திப்கா, முனாக், எத்னக்தா), வசனத்தை முடிக்கும் தொகுப்பு (மேர்கா, திப்கா, மேர்கா, சோஃப் பாசுக்), இந்த இரண்டையும் முதல் மாதத்தில். இவை வராத வசனம் அரிது என்பதால் பிள்ளை இரண்டாம் மாதமே பாதி வசனம் தானாக வாசிக்கும், தைரியம் வரும். பிறகு ஒவ்வொரு தொகுப்பாகச் சேர்க்கலாம். ஒலிப்பதிவைக் கடைசி மாதம் கொடுங்கள், அதுவும் சரிபார்க்க மட்டும். தீர்க்கதரிசிகளின் பகுதிக்கு அதே குறிகளுக்கு வேறு இசை. இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்கினால் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

ஸ்ருதிப்பெட்டி | 22 ஆகஸ்ட், காலை 9.15

பெருந்தொற்றுக் காலத்தில் சூம் வழியாகப் பாடியிருப்பார்களே, அது எப்படி நடந்தது?

மேடைக்குக்கீழே | 22 ஆகஸ்ட், இரவு 8.30

சேர்ந்து பாடுவது நடக்கவில்லை. இணையத்தில் ஒலி தாமதமாகத்தான் போய்ச்சேரும், பத்துப் பேர் மைக்கைத் திறந்தால் பத்துத் தாளம். எல்லோர் மைக்கையும் மூடி, நடத்துநர் மட்டும் பாட, அவரவர் வீட்டில் அவரவர் கூடப் பாடியது ஒன்றே வழி. சூம் அமைப்பில் 'ஒரிஜினல் சவுண்ட்' போடாவிட்டால் கிட்டாரைச் சத்தமென்று நினைத்து அடக்கிவிடும். இன்றும் மண்டபத்தில் பாதி, திரையில் பாதி என்று நடத்துகிறவர்களுக்கு ஒரு சொல்: மண்டபத்துச் சபைக்குத் தனியாக ஒரு மைக் தொங்கவிடுங்கள். நடத்துநர் குரல் மட்டும் கேட்டால் வீட்டிலிருப்பவர் பார்வையாளராகிவிடுவார்.

வெள்ளிமாலை | 29 ஆகஸ்ட், இரவு 9.50

பெருநாள்கள் நெருங்குகின்றன. யோம் கிப்பூருக்கு (பாவநிவாரண உபவாச நாள்) தயாராகிறவர்களுக்கு ஏதாவது உண்டா? மெட்டை மாற்றாதே என்பதைத் தவிர. அதை ஜெர்மானிய ரபி மகரில் (இறப்பு 1427) எப்போதோ சொல்லிவிட்டார், ஊர் மெட்டை அந்த நாள்களில் மாற்றக் கூடாது என்று.

மேடைக்குக்கீழே | 30 ஆகஸ்ட், இரவு 11.40

மகரில் சொன்னதற்கு மேல் ஒன்றுமில்லை. வருஷத்துக்கு ஒருமுறை மட்டும் வருகிறவர்கள் அந்த மெட்டுக்காகத்தான் வருகிறார்கள்.

யோம் கிப்பூர் மாலையைத் தொடங்கிவைக்கும் கொல் நித்ரே சூரியன் மறைவதற்கு முன்பே தொடங்க வேண்டும், மூன்று முறை சொல்ல வேண்டும், முதல்முறை மெல்ல, இரண்டாவது சற்று உரக்க, மூன்றாவது ஓங்கி. மூன்றுக்கும் சேர்த்து நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள். தோரா சுருளைத் தாங்கி இருபுறமும் நிற்கிறவர்களின் கை கடுக்கும் என்பதையும் கணக்கில் எடுங்கள். மெல்ல என்றால் சத்தம் குறைவு. சுருதியைக் குறைத்துவிட்டால் கீழ் ஸ்வரங்கள் கடைசி வரிசைக்குக் கேட்கவே கேட்காது. தாழ்ந்த முதல் பிடி தெளிவாக விழும் சுருதி எதுவோ அதையே மூன்று முறையும் வைத்து, மூச்சின் அழுத்தத்தை மட்டும் கூட்டுங்கள்.

அடுத்த நாள் முழுக்க ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் பாட வேண்டும், உபவாசம் 25 மணி நேரம். தொண்டையை அன்றைக்குக் காலையில் காப்பாற்ற முடியாது. இரண்டு நாள் முன்பிருந்தே தண்ணீர் கூட்ட வேண்டும், காபியைப் படிப்படியாகக் குறைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மதியத்துக்குள் தலைவலி பிடிக்கும். காலை, முசாஃப் (கூடுதல் தொழுகை), மாலை, நெயிலா (நிறைவுத் தொழுகை) நாலையும் ஒருவரே எடுக்காமல் குறைந்தது இரண்டு பேர் பிரித்துக்கொள்ளுங்கள். நெயிலாவுக்குக் களைக்காத குரல் தேவை, சபை அப்போதுதான் நின்றுகொண்டே பாடும்.

முசாஃபில் பழைய எருசலேம் ஆலயத் தலைமைக் குருவின் சேவையைச் சொல்லும் இடத்தில், பாரம்பரியச் சபைகளில் ஹஸானும் தரையில் விழுந்து வணங்குவார். நின்று சொல்லும் மையத் தொழுகையான அமிதாவின் நடுவில் என்பதால் பாதத்தை இடம் மாற்றக் கூடாது. இதை மறந்து சாய்மேசையை ஒட்டி நின்றால் விழுவதற்கு இடமிருக்காது. எனவே முசாஃப் அமிதாவைத் தொடங்கும்போதே மேசையிலிருந்து ஒரு ஆள் நீளம் தள்ளி நில்லுங்கள், அல்லது அந்த நேரத்தில் மேசையை நகர்த்த ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். எழும்போது பாதங்கள் சேர்ந்தேயிருக்க இருவர் இருபுறமும் கைகொடுத்துத் தூக்க வேண்டும். அந்த இருவருக்கும் எந்தச் சொல்லில் வர வேண்டும் என்று முந்திய நாளே சொல்லிவையுங்கள். எழுந்ததும் உடனே அடுத்த வரியைப் பிடிக்காதீர்கள். தலை கிறுகிறுக்கும், சுருதி தப்பும். இரண்டு மூச்சு விட்டு, சபை முழுக்க எழுந்து நின்றபிறகு எடுங்கள்.